ஐபோனா, ஆண்ட்ராய்டா? - உங்கள் போனைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் யார்?

அலுவலக டீம் லஞ்ச். சாப்பிட்டு முடித்து எட்டு பேர் சேர்ந்து ஒரு செல்ஃபி. எடுத்தவர் கையில் இருப்பது ஐபோன். "மச்சி, ஏர்டிராப் பண்ணு" என்று ஆறு பேர் போனை நீட்டுகிறார்கள். அரை நிமிடத்தில் போட்டோ போய்ச் சேர்கிறது. எட்டாவது ஆளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. "உனக்கு அப்புறம் வாட்ஸ்அப்ல போடறேன்டா" என்கிறார்கள். சாயங்காலம் இரண்டு முறை ஞாபகப்படுத்திய பிறகு போட்டோ வருகிறது, பின்வரிசையில் நின்றவர்களின் முகம் மங்கலாக.

அந்த எட்டாவது ஆள் அடுத்த மாதம் இஎம்ஐ போட்டு ஓர் ஐபோன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஏன் மாறினே?" என்று கேட்டால் கேமரா, செக்யூரிட்டி, ஹேங் ஆகாது என்று மூன்று காரணம் சொல்வார். மூன்றும் பொய் இல்லை. ஆனால் அந்த லஞ்ச் டேபிளைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார்.

இன்றைக்கு இரண்டு போன்களும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். யுபிஐ இரண்டிலும் வேலை செய்கிறது. மேப், ரீல்ஸ், சாப்பாடு ஆர்டர், ஆபீஸ் மெயில் எல்லாமே இரண்டிலும் உண்டு. ஆனாலும் "ஐபோனா, ஆண்ட்ராய்டா" என்ற சண்டை ஓயவில்லை. போனுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, நம்மைச் சுற்றி யார் இருக்கிறார்கள், வெளியே வந்தால் எதை இழப்போம் என்ற இரண்டு கேள்விகள்தான் பெரும்பாலும் முடிவை எடுக்கின்றன. எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு போன், இரண்டு வியாபாரம்

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்தினார். ஆப்பிளின் வழி எளிமையானது: போனும் எங்களுடையது, அதில் ஓடும் மென்பொருளும் எங்களுடையது, ஆப் கடையும் எங்களுடையது. வேறு யாருக்கும் ஐஓஎஸ் கொடுக்கப்படாது.

கூகுள் எதிர்த்திசையில் போனது. 2005-ல் ஆண்ட்ராய்டு என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் சந்தைக்கு வந்தபோது அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. சாம்சங், ஷாவ்மி, விவோ, ஓப்போ எனப் பலரும் அதை எடுத்துத் தங்கள் போன்களில் போட்டார்கள். கூகுளுக்கு லாபம் போனில் இல்லை. அந்தப் போனில் நாம் தேடும் ஒவ்வொரு தேடலிலும், பார்க்கும் விளம்பரத்திலும், ப்ளே ஸ்டோரிலும் இருக்கிறது.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. ஆண்ட்ராய்டு ரூ.10,000-க்குக் கீழேயும் கிடைக்கும், ரூ.1.5 லட்சத்துக்கு மேலும் கிடைக்கும். ஐபோன் மேல்தட்டில் மட்டும்தான். அதனால் இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்கு 90-க்கும் மேல் ஆண்ட்ராய்டு. அமெரிக்காவிலோ பாதிக்கும் மேல் ஐபோன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெளியே ரசிகர்கள் அடித்துக்கொள்ளும்போது, உள்ளே இரண்டு நிறுவனங்களும் நல்ல கூட்டாளிகள். ஐபோனின் சஃபாரி பிரவுசரில் தங்கள் தேடுபொறியே முதலில் வர வேண்டும் என்பதற்காக, 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். கூகுளுக்கு எதிராக அமெரிக்க அரசு தொடர்ந்த வழக்கில் வெளியே வந்த கணக்கு இது.

அமெரிக்காவில் நீலம், பச்சை

போனைச் சுற்றியிருப்பவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு அமெரிக்காதான் பாடப்புத்தக உதாரணம்.

அங்கே நண்பர்கள், குடும்பம் எல்லோரும் போனோடு வரும் மெசேஜ் ஆப்பிலேயே பேசிக்கொள்வது பழக்கம். 2011-ல் ஆப்பிள் ஐமெசேஜைக் கொண்டுவந்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்கு அனுப்பினால் நீல நிறக் குமிழி. ஆண்ட்ராய்டுக்கு அனுப்பினால் அது சாதாரண எஸ்எம்எஸ் ஆகிவிடும், குமிழியும் பச்சையாகும். நிறம் மட்டும் மாறினால் பரவாயில்லை. வீடியோ மங்கலாகிவிடும், 'டைப் செய்கிறார்' என்பது தெரியாது, குரூப் சாட்டில் பாதி வசதிகள் போய்விடும். பத்து பேர் குரூப்பில் ஒரே ஒருவர் ஆண்ட்ராய்டு வைத்திருந்தால், மொத்தக் குரூப்பும் அந்த ஒருவரைத்தான் பார்க்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் இது கேலியாகவே மாறியது.

ஆண்ட்ராய்டுக்கும் ஐமெசேஜ் கொடுத்திருக்கலாமே? ஆப்பிளுக்குள் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் வழக்கில் 2021-ல் வெளியான உள் மின்னஞ்சல்கள் அதைக் காட்டின. 'அப்படிக் கொடுத்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடையை நாமே நீக்கியதாகிவிடும்' என்ற பொருளில் 2013-ல் ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி எழுதியிருந்தார். 2022-ல் ஒரு மேடையில், "என் அம்மாவுக்கு வீடியோ ஒழுங்காக அனுப்ப முடியவில்லை" என்று ஒருவர் முறையிட்டபோது, டிம் குக் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: உங்கள் அம்மாவுக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள்.

2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோதுதான் ஆப்பிள் ஆர்சிஎஸ் முறையை ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டுக்குப் போகும் வீடியோ இப்போது தெளிவாகப் போகிறது. குமிழி மட்டும் இன்னும் பச்சைதான்.

இங்கே ஏன் அது எடுபடவில்லை?

'ஊரோடு ஒத்து வாழ்' என்பது போனுக்கும் பொருந்தும். ஆனால் நம் ஊர் குடியிருப்பது வாட்ஸ்அப்பில்.

இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்டோர் வாட்ஸ்அப் வைத்திருக்கிறார்கள். நம் எஸ்எம்எஸ் பெட்டியைத் திறந்தால் ஓடிபி, பேங்க் மெசேஜ், ரீசார்ஜ் ஆஃபர், லோன் விளம்பரம் - அவ்வளவுதான். மனிதர்கள் அங்கே இல்லை. அக்கா, அபார்ட்மென்ட் அசோசியேஷன், ஸ்கூல் பேட்ச், ஆபீஸ் டீம் எல்லோரும் வாட்ஸ்அப்பில். அதில் நாம் அனுப்பும் மெசேஜ் எந்தப் போனிலிருந்து போனாலும் பச்சைக் குமிழிதான். அமெரிக்காவில் ஆப்பிளுக்குப் பெரிய பலமாக இருந்த ஒரு விஷயம் இங்கே வாட்ஸ்அப்பால் சத்தமில்லாமல் காணாமல் போனது.

இந்தியர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனித்ததிலும் ஆண்ட்ராய்டுதான் முந்திக்கொண்டது.

• இரண்டு சிம்: ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று டேட்டாவுக்கு. இது இங்கே சர்வசாதாரணம். ஐபோனில் இரண்டாவது சிம் வசதி வந்தது 2018-ல்தான்.

• கால் ரெக்கார்டிங்: பல ஆண்ட்ராய்டு போன்களில் ஆண்டுக்கணக்காக இருந்த வசதி. புரோக்கரிடம் பேசுபவர், வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுப்பவர் எனப் பலருக்கும் இது அத்தாட்சி. ஐபோனில் வந்தது 2024 அக்டோபரில். அதுவும் 'அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று எதிர்முனைக்கு அறிவித்துவிட்டுத்தான்.

• தமிழ்: ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013-லேயே வந்துவிட்டது. ஆனால் செட்டிங்ஸ் முதல் மெனு வரை மொத்தப் போனையும் தமிழில் மாற்றும் வசதி 2025-ல் வந்த ஐஓஎஸ் 18.4-ல்தான் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உண்டு. ஆங்கிலம் தடுமாறும் அப்பாவுக்கோ அத்தைக்கோ போன் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அப்போ ஏன் இந்த ஐபோன் ஆசை?

வலுவான காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ஆயுள். 2019-ல் வந்த ஐபோன் 11, 2025-ல் வெளியான ஐஓஎஸ் 26-ஐயும் பெற்றது. அதே காலத்தில் வாங்கிய பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளில் அப்டேட் நின்றுபோனது. இப்போது நிலைமை மாறுகிறது. 2023-ல் பிக்சல் 8-க்கும், 2024-ல் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாகக் கூகுளும் சாம்சங்கும் உறுதி கொடுத்தன. ஆனால் இவை விலை கூடிய மாடல்கள். ரூ.12,000 போனுக்கு அந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, மறுவிற்பனை. மூன்று ஆண்டு ஓடிய ஐபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கௌரவமான ஒரு தொகை கிடைக்கும். அதே வயதுள்ள பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடிமாட்டு விலைதான்.

மூன்றாவது, தனியுரிமை. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கியது: 'இந்த ஆப் உங்களை மற்ற ஆப்களிலும் பின்தொடரலாமா?' வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏராளம். இந்த ஒரு கேள்வியால் 2022-ல் தனக்கு 1,000 கோடி டாலர் அளவுக்கு வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. அதற்காக ஆப்பிளை முழுக்க நம்பிவிடலாம் என்றும் இல்லை. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமலே குறைத்ததை 2017-ல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது இதே நிறுவனம்தான்.

நான்காவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை: மதிப்பு. பொருளின் பயனுக்காக இல்லாமல் பிறர் பார்ப்பதற்காக வாங்குவதைப் பற்றி 1899-லேயே பொருளாதார அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லென் எழுதிவிட்டார். கண்ணாடி முன் நின்று எடுக்கும் செல்ஃபியில் முகத்தை மறைத்தாலும் கேமரா வளையங்களை மறைக்காமல் பிடிப்பது அந்த வகைதான். நூற்றில் சிலரிடம் மட்டுமே இருக்கும் பொருள் என்பதால், அமெரிக்காவைவிட இங்கே அதன் அந்தஸ்து இன்னும் கூடுதல்.

விலை உண்மையில் எவ்வளவு?

ஐபோன் 16, 2024 செப்டம்பரில் ரூ.79,900-க்கு வந்தது. 24 மாத இஎம்ஐ என்றால், வட்டியே இல்லாமல் கணக்குப் போட்டாலும் மாதம் ரூ.3,329. கையில் ரூ.25,000 சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இது வருமானத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் மேல். 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் பிராசஸிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டி என்று தனியாக வரக்கூடும். கவர், சார்ஜர் கணக்கு வேறு.

"நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே தயாரிக்கிறாங்க, அப்புறம் ஏன் விலை குறையல?" என்பது பலரின் கேள்வி. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் 2019 முதல் ஐபோன் தயாரிக்கிறது, பெகட்ரான் 2022-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொடங்கியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அமெரிக்க விலையான 799 டாலர் அன்றைய மதிப்பில் சுமார் ரூ.67,000. அங்கே விற்பனை வரி தனி. இந்திய விலையிலிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியைக் கழித்தால் சுமார் ரூ.67,700. ஆக, சாதாரண மாடலில் வித்தியாசம் பெரும்பாலும் வரிதான். ப்ரோ மாடலில் கதை வேறு. 999 டாலர் ஐபோன் 16 ப்ரோ இங்கே ரூ.1,19,900-க்கு வந்தது. வரியைக் கழித்த பிறகும் ரூ.17,000-க்கு மேல் கூடுதல்.

உள்ளே போவது சுலபம், வெளியே வருவது?

இதுதான் கடையில் யாரும் சொல்லாத விஷயம். போனை மாற்றுவது என்பது சிம்மை எடுத்து வேறு போனில் போடுவது மட்டும் இல்லை.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு வாட்ஸ்அப் சாட்டை மாற்றும் வசதியே 2022-ல்தான் வந்தது. அதற்கும் புதிய ஐபோனாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். இது தெரியாமல் முதலில் புதுப் போனை செட் பண்ணிவிட்டு, பிறகு சாட்டைத் தேடி நிற்பவர்கள் உண்டு. இப்போது இல்லாத ஒருவரின் பழைய வாய்ஸ் நோட் அதில் இருந்தால், அந்த இழப்புக்கு விலை போட முடியாது.

ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆப் இன்னொரு கடைக்கு வராது. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு இணையாது. 2021-க்குப் பிறகு வந்த சாம்சங் கேலக்ஸி வாட்ச்களும் ஐபோனோடு இணையாது. ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டும். அது நிறைந்ததும் மாதச் சந்தா ஆரம்பம். போட்டோக்கள் சேரச் சேர அந்தச் சந்தாவை நிறுத்தவும் மனம் வராது. புலிவாலைப் பிடித்த கதைதான்.

ஆண்ட்ராய்டு பக்கம் சுவர் கொஞ்சம் வேறு மாதிரி. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், மேப் எல்லாம் ஐபோனிலும் கிடைப்பதால் ஆண்ட்ராய்டை விட்டு வருவது ஒப்பீட்டளவில் சுலபம். கூகுளை விட்டு வருவதுதான் கஷ்டம். ஐபோனுக்கு மாறிய பிறகும் பலரின் வாழ்க்கை அதே கூகுள் கணக்கில்தான் ஓடுகிறது.

இன்னொரு தடை நம் மனதிலேயே இருக்கிறது. இருப்பதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளும் நம் சாய்வை வில்லியம் சாமுவேல்சன், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 1988-ல் விளக்கினார்கள். முதலில் எடுத்த முடிவு சரிதான் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம். "எனக்கு ஆண்ட்ராய்டு செட் ஆகாதுப்பா", "ஐபோன்ல ஒண்ணுமே பண்ண முடியாது" என்று சொல்பவர்களில் எத்தனை பேர் மற்றதை ஒரு மாதம் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்திருப்பார்கள்?

சுவர்கள் இறங்குகின்றனவா?

மெதுவாக, பெரும்பாலும் அரசுகளின் அழுத்தத்தால். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை ஒட்டி, 2023-ல் ஐபோன் 15 யுஎஸ்பி-சி-க்கு மாறியது. இன்று ஆபீஸில் ஒரே சார்ஜரை இரு தரப்பும் பகிர்ந்துகொள்வது அதனால்தான். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை, ஸ்மார்ட்போன் சந்தையில் ஏகபோகம் செய்வதாக ஆப்பிள் மீது வழக்குத் தொடர்ந்தது. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுக்கிறது. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய அதன் மனுவை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

கூகுளும் தப்பவில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களைத் திணிப்பதாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை உறுதி செய்தது, ஆணையத்தின் சில உத்தரவுகளை மட்டும் நீக்கியது. 2025 நவம்பரில், பிக்சல் 10 போனிலிருந்து ஏர்டிராப் வழியாக ஐபோனுக்கு நேரடியாகப் போட்டோ அனுப்பும் வசதியைக் கூகுள் கொண்டுவந்தது. லஞ்ச் டேபிள் பிரச்சினைக்கும் வழி பிறக்கத் தொடங்கியிருக்கிறது.

வாங்கும் முன் 5 கேள்விகள்

1. மாத இஎம்ஐ போக, அவசரச் செலவுக்குக் கையில் என்ன மிஞ்சும்?

2. இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு செக்யூரிட்டி அப்டேட் என்று நிறுவனமே சொல்லியிருக்கிறதா? கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

3. வாட்ச், இயர்பட்ஸ், லேப்டாப் என்று ஏற்கெனவே இருப்பவை புதுப் போனோடு சேருமா?

4. பழைய வாட்ஸ்அப் சாட், போட்டோ இரண்டையும் எப்படி மாற்றுவது என்று பார்த்தாகிவிட்டதா? புதுப் போனை செட் பண்ணுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது கடைசி வேலை.

5. உங்கள் வட்டத்தில் யாரிடமும் இந்தப் போன் இல்லை என்றாலும் வாங்குவீர்களா?

ஐந்தாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம், எந்தப் பக்கமாக இருந்தாலும். 'தெரியலையே' என்று வந்தால் ஒரு மாதம் தள்ளிப்போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அதுவரை அந்த எட்டாவது ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது. அடுத்த லஞ்ச் செல்ஃபியை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால், எடுத்தபடியே தெளிவாக வந்து சேரும். பின்வரிசை முகங்களும் தெரியும். அதற்கு ரூ.79,900 தேவையில்லை.